நான்கு சட்டம், ஐந்து இடைவெளி

(எப்போதும்வென்றானில் கூடிய ஆசிரியர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தேனீ வளர்ப்பு பற்றிப் பேசுமாறு கேட்டீர்கள். நான் பெரும்பாலும் பெட்டியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தேனீ பிறகு வரட்டும். பெட்டி செய்வதிலேயே நமக்கு அரையாண்டுப் பாடம் இருக்கிறது.

நம் பிள்ளைகள் வேலிக்கருவையில் தொங்கும் கொம்புத்தேனைப் பார்த்திருப்பார்கள். அந்தத் தேனீ பெட்டிக்கு வராது. திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுவது அதன் இயல்பு. மலைத்தேனீயும் அப்படியே. பெட்டிக்கு ஏற்றது மரப்பொந்தின் இருட்டில் வரிசையாகப் பல அடைகள் கட்டும் இந்தியத் தேனீ. நம்மூர்க்காரர்கள் அடுக்குத்தேன் என்பார்கள்.

1851-இல் அமெரிக்கப் போதகர் லாங்ஸ்ட்ராத் ஒன்றைக் கண்டுகொண்டார். அடைகளுக்கு நடுவே தேனீ நடமாட ஒரு குறிப்பிட்ட இடைவெளி விட்டால், அதை அது அடைப்பதில்லை. கூடுதலாக விட்டால் அங்கே குறுக்கு அடை கட்டிவிடும்; குறைத்தால் நடமாட முடியாது. கழற்றி மாட்டும் சட்டங்கள் கொண்ட பெட்டி அதிலிருந்து பிறந்தது. ஆனால் அது பெரிய மேனாட்டுத் தேனீக்கான பெட்டி. நம் சிறிய தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை அமைத்தவர், திருச்சிராப்பள்ளியில் இருந்த பாதிரியார் நியூட்டன். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் அவர் செய்த வேலை இன்றும் நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. பின்னர் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்சு நடத்திய ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் குமரி மாவட்டத்து வீடுகளுக்குத் தேனீ வளர்ப்பைக் கொண்டு சேர்த்தது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனுக்குப் பின்னால் அந்தப் பழைய உழைப்பு இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். நியூட்டன் சட்டத்தின் உள்ளளவு 210 மி.மீ. நீளம், 145 மி.மீ. உயரம். மேற்கட்டையின் அகலம் 22 மி.மீ. விடவேண்டிய இடைவெளி 9 மி.மீ. புதிய கூட்டத்துக்கு நான்கு சட்டம் கொண்ட சிறு பெட்டி போதும். பெட்டியின் உள் அகலம் எவ்வளவு?

எட்டாம் வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். நான்கு சட்டம் 88, நான்கு இடைவெளி 36, ஆக 124 என்று பலரும் சொல்வார்கள். இருபுறச் சுவரை ஒட்டியும் இடைவெளி வேண்டும் அல்லவா? இடைவெளிகள் ஐந்து; 45 மி.மீ. சேர்த்தால் 133. கரும்பலகையில் சொல்லி விளங்காத பிள்ளைக்கும், நான்காவது சட்டம் சுவரில் இடித்து நிற்கும்போது விளங்கிவிடும். பெட்டியின் நீளத்தை நான் சொல்லமாட்டேன். பக்கக்கட்டையின் கனத்தையும் இருபுற இடைவெளியையும் கூட்டி அவர்களே காணட்டும்.

ஊர் ஆசாரியைப் பள்ளிக்கு அழையுங்கள். மூலைமட்டம் பிடிக்கவும், இழைப்புளி தள்ளவும் அவர்தான் ஆசிரியர். நாம் அன்று மாணவர். நன்கு உலர்ந்த, கடும் வாசம் இல்லாத பலகை வேண்டும். வர்ணம் வெளிப்புறம் மட்டும். உள்ளே எதுவும் பூசக்கூடாது. கால்களைத் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

கூட்டம் பிரிப்பதைத் தேர்ந்த வளர்ப்பாளரே செய்யட்டும்; மாணவர் தள்ளி நின்று பார்க்கலாம். வலுவான பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள இரண்டு அடைகளை, மேலிருக்கும் பணித்தேனீக்களோடு எடுப்பார்கள். தேன் அடை ஒன்று, வெற்றுச் சட்டம் ஒன்று. இராணி தாய்ப்பெட்டியிலேயே இருக்கும். இராணியில்லாத பிள்ளைக்கூட்டம், மூன்று நாளுக்கு உட்பட்ட புழுவுக்குத் தனி உணவூட்டி இராணியாக்கிக்கொள்ளும். முட்டையிலிருந்து இராணி வெளிவரச் சுமார் 16 நாள். பிறகு பறந்து இணைசேர்ந்து முட்டையிட மேலும் சில நாள். ஆகவே ஏறக்குறைய ஒரு மாதம் பெட்டியை அடிக்கடி திறக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு இதுதான் கடினமான பாடம்!

கரிசலில் எல்லா மாதமும் தேனீக்கு உணவு கிடைக்காது. கம்பும் சோளமும் மகரந்தம் தரும், தேன் தராது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த சூரியகாந்தியும் மல்லியும் மார்கழி, தையில் பூக்கும். அதுவே நம் காலம். ஆடியில் பலகை அறுத்தால் கார்த்திகைக்குள் பெட்டி தயாராகிவிடும். சித்திரை வெயிலில் வேப்பமர நிழலும் அருகில் தண்ணீரும் சர்க்கரைப் பாகும் இல்லையென்றால் கூட்டம் பெட்டியை விட்டு ஓடிவிடும். அவ்வளவு பொறுப்பை ஏற்க முடியாத பள்ளி, பருவம் முடிந்ததும் வளர்ப்பாளரிடமே கொடுத்துவிடலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை.

பெட்டியைப் பள்ளி வளாகத்தில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அருகிலுள்ள ஒருவரின் புஞ்சையில் வையுங்கள். கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். உடம்பெல்லாம் தடித்தாலோ மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பெற்றோரிடம் முன்பே கேட்டுக்கொள்வதும் அவசியம்.

ஒரு சோதனை மட்டும் சொல்லி முடிக்கிறேன். சூரியகாந்தி மொட்டு விரியுமுன் ஒரு தலையைக் கொசுவலைத் துணியால் கட்டிவிடுங்கள். பக்கத்துத் தலையைத் திறந்தே விடுங்கள். அறுவடையில் இரண்டிலும் நூறு நூறு விதை எடுத்துப் பதரை எண்ணட்டும். எண்ணிய விதைகளை மாணவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டட்டும். தேனீ பூவில் இருக்கும் காலை வேளையில் மருந்து அடிக்காமல் சாயங்காலம் அடிக்கலாமா என்ற பேச்சை அந்தப் பிள்ளையே அங்கே தொடங்கிவைக்கும்.