சூரியனும் உப்பும்

(வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆறாம் வகுப்பில் பயின்றபோது, "சூரியனுக்குள் என்ன இருக்கிறது, ஐயா?" என்று ஆசிரியர் ஒருவரைக் கேட்டேன். "உப்பளத்துக்குப் போகிறவனுக்கு அது எதற்கு?" என்று கூறி என்னை உட்காரச் செய்தார். அந்நேரம் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த என் தாயாரைவிடச் சூரியனை நன்கறிந்தவர் அப்பள்ளியில் எவருமிலர். அவ்வினாவுக்கு இன்று நானே விடை கூற முயல்கிறேன்.

சூரியனும் ஒரு விண்மீனே. 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பது. அடுப்புத் தீயில் உப்பைத் தூவினால் சுடர் மஞ்சளாகும். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், அதே மஞ்சளின் இடத்தில் இரண்டு கருங்கோடுகள் தென்படும். சூரியனின் வெளிவாயுவிலுள்ள சோடியம் அவ்வொளியை விழுங்கிவிடுகிறது. 1859-இல் ஜெர்மனியில் கிர்க்காஃப் இதனை விளக்கினார். நம் பாத்தியில் விளையும் உப்பிலுள்ள பொருள் அங்கும் உண்டு!

உள்ளே இருப்பதை எவ்வாறு அறிவது? தாய்மார்கள் பானையைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்? சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அதிர்கிறது. அவ்வதிர்வைக் கொண்டு உட்புறத்தைக் கணிக்கின்றனர். நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறிக்கொண்டிருக்கிறது. அதுவே நம் முதுகைச் சுடும் வெயில்.

மேற்பரப்பிலோ வெப்பம் 5,500 டிகிரிதான். ஆனால் அதற்கும் வெளியே பரந்துள்ள ஒளிவளையத்தில் பத்து லட்சம் டிகிரிக்கு மேல்! அடுப்பை விட்டு விலக விலகச் சூடு கூடுமா? இப்புதிர் இன்னும் முழுமையாக அவிழவில்லை.

இதனை ஆராயவே 2023 செப்டம்பர் 2 அன்று, நம் கடற்கரைக்கு வடக்கேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 புறப்பட்டது. 2024 சனவரி 6 அன்று, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் தன் பாதையை அடைந்தது. பூமி குறுக்கே வந்து மறைக்காத இடம் அது. அங்கு இரவே இல்லை. ஏழு கருவிகளுள் ஒன்று, நாம் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு தொலைவில் நோக்குவதுபோல், சூரிய வட்டத்தை மறைத்து வளையத்தை மட்டும் காண்கிறது. அதை உருவாக்கிய பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குரிய கொடைக்கானல் ஆய்வுக்கூடம், நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வந்துள்ளது.

இத்திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி அம்மையார், செங்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அரசுப் பள்ளியில் பயின்றவர். என்னை உட்காரச் சொன்ன ஆசிரியர் இன்றில்லை. இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்.

இளைஞர்களே, ஞாயிறு காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். அட்டையில் ஊசித்துளையிட்டுச் சூரியனின் உருவத்தைத் தாளில் விழச்செய்வோம். வெறுங்கண்ணால் நேரே பார்க்கவே கூடாது. ஸ்பிரிட் விளக்கு பள்ளியில் இருக்கிறது. உப்பு மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.