இரப்பன்று; உரிமை!

(சித்தையன்கோட்டையில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



நெல்லும் தென்னையும் செழித்த இவ் ஆத்தூர் வட்டாரத்தில், விடியுமுன் உலையேற்றிவிட்டு நடவுக்குச் செல்லும் பெண்டிருள் தனித்து நின்று பிள்ளை வளர்ப்போர் பலர். ஒருத்தி கணவனை இழந்தவள்; ஒருத்தி கணவனால் கைவிடப்பட்டவள்; ஒருத்தி மணமின்றியே தாயாக்கப்பட்டவள். மூவர்க்கும் உழைப்பு ஒன்றே, பசி ஒன்றே. ஊர் வழங்கும் இழிசொல் மட்டுமே வேறு.

இக்கொடுமை பழைமை உடையது. புறநானூற்று 246ஆம் பாட்டைப் பாடிய பெருங்கோப்பெண்டு, நெய்யற்ற சோறும் கீரையும் உண்டு, பாயின்றிப் பருக்கைக்கல் மேல் படுக்கும் கைம்மை வாழ்வினும் ஈமத்தீயே இனிது என்றாள். அரசமாதேவிக்கே அந்நிலை எனின், குடிசைத் தாயின் நிலை என்னாம்? பழையது என்பதனாலேயே தீயது போற்றத்தக்கதாகிவிடாது.

தமிழக அரசு கைம்பெண்டிர்க்கு 1975இலும், கைவிடப்பட்ட மனைவியர்க்கு 1986இலும் திங்கள்தொகைத் திட்டங்களை ஏற்படுத்தியது. வரவேற்கத்தக்க செயலே! 2023இல் அத்தொகை 1,200 உருபாவாக உயர்ந்தது. நாளொன்றுக்கு 40 உருபா! தாயும் இரு பிள்ளைகளும் பகிர்ந்துகொண்டால் ஒருவர்க்குப் பதினான்கு உருபாவும் இல்லை.

அதனைப் பெறுதலும் எளிதன்று. கைவிடப்பட்டவள் மணவிலக்கோ பிரிவுச்சான்றோ முறைமன்றத்தில் பெறல் வேண்டும். இன்றேல் ஐந்தாண்டு கைவிடப்பட்டிருத்தல் வேண்டும் என விதி வகுத்தனர். ஐந்தாண்டு பட்டினி கிடந்த பின்னரோ பசி மெய்யாவது? மணமாகா ஏழைப் பெண்டிர்க்கு 2008இல் வந்த திட்டமோ அகவை 50 நிரம்புதல் வேண்டும் என்றது. அதற்குள் அவள் பிள்ளையே வளர்ந்து ஆளாகிவிடும்!

சொல்லையும் நோக்குக. குடும்பத் தலைவியர்க்கு 2023இல் வழங்கத் தொடங்கிய ஆயிரம் உருபாவிற்கு 'உரிமைத்தொகை' எனப் பெயரிட்டனர். நற்பெயர்! அவ்வாறாயின், தனித்த தாய் பெறுவது மட்டும் 'உதவி' ஆவதேன்? கொடுப்பவன் இரக்கத்தால் வருவது உதவி. பெறுபவள் தலைநிமிர்ந்து கேட்பது உரிமை.

மருத்துவர் தருமாம்பாள் அம்மையார் 1938இல் இந்தி எதிர்ப்பில் சிறை புகுந்தவர். தமிழாசிரியர்க்கு ஏனை ஆசிரியரோடு ஒத்த ஊதியம் வேண்டிப் போராடியவர். கைம்பெண் மறுமணத் திட்டம் அவர் பெயராலேயே அமைந்தது. ஒரு பெண்ணின் போராட்டத்தால் மானம் பெற்ற தமிழாசிரியர், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு வேண்டுகைத்தாள் எழுதித் தரலாகாதா? வட்டாட்சியர் அலுவலகம் வரை உடன் செல்லலாகாதா?

பள்ளியில் அவள் பிள்ளையைப் பலர் முன் நிறுத்தித் தந்தை பெயர் கேட்டுக் கூனிக் குறுக வைக்கும் வழக்கமும் ஒழிக. மணமாகாத் தாய் தன் பிள்ளைக்குக் காப்பாளராக, தந்தைக்கு அறிவிப்பு விடுக்க வேண்டியதில்லை என உச்ச முறைமன்றமே 2015இல் தீர்ப்பளித்தது. முறைமன்றம் ஏற்ற தாயை ஊர் ஏற்க மறுப்பதோ?

தாய்மொழி என்று நாத்தழும்பேறப் பேசுவோரே! அச்சொல்லின் முன்னே நிற்பவள் தாய். அவள் தலைகுனிந்து நிற்க, மொழி மட்டும் தலைநிமிர்தல் இயலாது.