குளமும் குன்றும்

சீகிரியாக் குன்றைக் காணச் செல்வோர் ஓவியங்களைப் பற்றியே பேசித் திரும்புகின்றனர். அங்கு அரண்மனை அமைத்த காசியப்பனின் வரலாறு ஒரு திறைசேரிக் கணக்கோடு பிணைந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் தந்தை தாதுசேனனைச் சிறையிட்டு, செல்வம் எங்கே என்று கேட்டான் அவன். தான் கட்டுவித்த கலாவெவக் குளத்தின் நீரைக் கையால் அள்ளிக் காட்டி, தனக்குள்ள செல்வம் இதுவே என்றானாம் தாதுசேனன். சூளவம்சம் சொல்லும் செய்தி இது. அந்த விடை அவன் உயிருக்கே உலையாயிற்று.

நேயர்களே, வரவுக்குள் செலவு செய்யுமாறு அரசாங்கத்தைச் சட்டத்தால் கட்டலாமா? இலங்கை இதற்கு அண்மையான ஒன்றை முயன்று பார்த்தது. 2003ஆம் ஆண்டின் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டப்படி, 2006 முடிவில் துண்டு விழும் தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தை மீறலாகாது. 2013 முடிவில் கடன் 60 சதவீதத்துக்கு இறங்கவேண்டும். நிகழ்ந்தது யாது? கடனுக்குரிய தவணை 2020க்குத் தள்ளப்பட்டது, பின்னர் 2030க்கு. கடன்பட்டவனே கடன் சீட்டில் தேதியைத் திருத்துவதை எந்தக் கடைக்காரர் ஒப்புவார்? 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். 2020இலும் 2021இலும் துண்டு விழும் தொகை 10 சதவீதத்தைத் தாண்டியது. 2022 ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்கள், இந்தச் சட்டத்தின் பெயரையும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பழைய சட்டத்தின் இடத்திற்கு 2024இல் புதிய சட்டம் வந்தது. வட்டி நீங்கலான அரச செலவு, உற்பத்தியில் 13 சதவீதத்துக்கு உட்பட்டிருக்கவேண்டும் என்கிறது அது. வரம்பு வேண்டியதே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் 2019இல் ஓட்டை விழுந்தது வரவில். இவ்வரம்போ செலவை மட்டுமே அளக்கிறது. இன்னொன்று: குளம் வெட்டும் செலவும் விருந்துச் செலவும் இதே 13க்குள் அடங்கவேண்டும். நெருக்கடி வரும்போது சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டுவது எளிதன்று. அணைக்கட்டையும் பாடசாலைக் கட்டடத்தையும் ஒத்திவைத்தால் கேட்பாரில்லை. ஆகவே அன்றாடச் செலவை வரியிலிருந்தே நடத்தவேண்டும் என்றும், கடன் வாங்குவது பயிர் விளைக்கும் பணிக்கே என்றும் சட்டம் பிரித்துச் சொல்லவேண்டும். இலக்கை மாற்றுவதற்கும் சாதாரணப் பெரும்பான்மை போதாதென்று விதிக்கவேண்டும்.

காசியப்பனின் குன்று இன்று உல்லாசப் பிரயாணிகளிடம் கட்டணம் பெற்றுத் தருகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த வருவாய் வரத் தொடங்குவதற்குப் பதினைந்து நூற்றாண்டுகள் சென்றன. கலாவெவயின் நீர் இன்றும் வயலுக்குப் பாய்கிறது.