தொலைவிலிருந்து காக்கும் பதிவேடு

எலப்புள்ளியிலிருந்து தமிழ்நாட்டிலுள்ள பெற்றோர்க்குப் பணம் அனுப்புகிறோம் எனக் கொள்வோம். அதன் சுவடு கணிப்பொறியின் பதிவேட்டில் ஏறுகிறது. வழக்கெழுந்தால் அதுவே சாட்சி. களவு புரிவோன் அதனையே அழிக்க முயல்வான். ஆதலின் அதன் படி உடனுக்குடன் தொலைவிலுள்ள வேறொரு கணிப்பொறிக்குச் செல்லுதல் வேண்டும். பதிவுகளை 180 நாள் காக்குமாறு மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பணித்துள்ளது.

வழியில் பிறர் படியாமலும் திருத்தாமலும் காக்கும் மறையாக்கத்தை நாமே புனைதல் ஆகாது. உலகறிந்த டி.எல்.எஸ். முறையின் 1.3 பதிப்பு 2018 முதல் உண்டு. அதற்கான ஆயத்த நிரல் தொகுதியை ‘நூலகம்’ என்பர். அதுவும் தவறக்கூடும்: ஓப்பன் எஸ்.எஸ்.எல். நூலகத்தில் ஈராண்டு மறைந்திருந்த ‘ஹார்ட்பிளீட்’ பிழை 2014-இல் வெளிப்பட்டது. அன்றே திருத்தமும் வந்தது. ஏற்காதோர் பொறிகள் திறந்தே கிடந்தன. எனவே பலர் ஆராய்வதும் விரைவில் செப்பனிடப்படுவதுமான நூலகத்தையே தெரிந்தெடுப்போமாக. திருத்தம் வந்ததும் தாழ்த்தாது ஏற்போமாக.