கீசர் மக்கர் செய்தால் என்ன பார்க்க வேண்டும்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மழை தொடங்கிவிட்டது, மார்கழியும் நெருங்குகிறது. பல மாதம் தொடாமல் கிடந்த கீசரை இனிதான் போடுவீர்கள். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நீங்களே பார்க்கக்கூடியது எது, கை வைக்கவே கூடாதது எது என்று மட்டும் சொல்கிறேன்.

தண்ணீரே சூடாகவில்லையா? முதலில் எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்து, கீசரில் விளக்கு எரியவில்லை என்றால், அதிகச் சூட்டைத் தடுக்கும் கட்-அவுட் விழுந்திருக்கலாம். விளக்கு எரிந்தும் சூடு இல்லையென்றால் பெரும்பாலும் எலிமென்ட் போயிருக்கும். இரண்டுக்கும் மெக்கானிக் வேண்டும்.

சூடாக நேரம் பிடிக்கிறதா? 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர், 25 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால் அதன் திறன் சுமார் 1,200 வாட்டாக இறங்கிவிடும். அதே வேலைக்கு அரை மணி ஆகும். இதில் கீசரின் மேல் குற்றமில்லை.

உள்ளே சலசலவென்று சத்தம் வந்தால், எலிமென்டில் உப்பு படிந்திருக்கிறது என்று பொருள். போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் ஓடும் வீடுகளில் இது சகஜம். உப்பு மூடிய எலிமென்ட் தன் சூட்டை வெளியே விட முடியாமல் எரிந்துபோகும். வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அப்போதே உள்ளிருக்கும் மெக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்வது அந்தக் கம்பிதான். கரைந்து தீர்ந்திருந்தால் மாற்றுங்கள். தொட்டி பிழைக்கும்.

அடுத்தது, வால்வில் சொட்டும் தண்ணீர். 15 லிட்டர் தண்ணீர் சூடாகும்போது சுமார் 200 மில்லி விரிகிறது. அது வெளியேறும் வழிதான் அந்த வால்வு. சூடாகும்போது மட்டும் சொட்டினால் கவலை வேண்டாம். கீசர் போடாத நேரத்திலும் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள். ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் அதை அடைக்காதீர்கள். வால்வு அடைபட்டு, தெர்மோஸ்டாட்டும் கைவிட்டால் தொட்டி வெடிக்கும்.

இனிச் சொல்வது இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை.

கீசரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிறது என்றால், எங்கோ மின்சாரம் கசிகிறது. பெரும்பாலும் எலிமென்டின் உறை வெடித்திருக்கும். 'இது அடிக்கடி விழுகிறது, டைரக்டாகக் கொடுத்துவிடுங்கள்' என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்காதீர்கள். வீட்டில் பொதுவாக இருக்கும் ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். அதை விலக்கிவிட்டால் அந்தக் கசிவு குளிப்பவரின் உடம்பு வழியாகப் போகலாம். குழாயைத் தொட்டதும் லேசாகச் சுள்ளென்றாலும் அதே எச்சரிக்கைதான். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, எர்த்தையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், தண்ணீர் காய்ந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். மூடிய குளியலறைக்குள் கேஸ் எரிந்தால், காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல் வரும். கதவைத் திறக்கும் முன்பே ஆள் மயங்கி விழலாம். சின்ன ஜன்னலையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நம்பாதீர்கள். கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான சர்வீஸ் பால்கனிக்கு மாற்றுங்கள். புகைக்குழாய் திறந்த வெளிக்குப் போக வேண்டும். யாராவது மயங்கினால் கேஸை மூடி, அவரைத் திறந்த காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள்.

வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். குடியிருப்பவர் கீசரைப் பற்றிப் புகார் சொன்னால், யார் செலவு என்ற பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆளை அனுப்புங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் 'டெஸ்ட்' பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் நாளைக்கே எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள்.