கைபடக் கற்கும் கல்வி

(விழாவின் கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

“தமிழாசிரியருக்கும் எந்திரனுக்கும் என்ன தொடர்பு?” என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் வினவினார். வினா நியாயமானதே. முப்பத்து நான்கு ஆண்டுகள் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தவன் நான். ஒரு மின்கம்பியையும் ஒழுங்காக இணைத்தறியேன். எனினும், மாணவன் ஒருவனிடம் நான் பட்ட கடன் ஒன்று உண்டு. அதனை இந்த அவையில் சொல்லித் தீர்க்கவே இத்தலைப்பை ஏற்றுக்கொண்டேன்.

எந்திரனை வகுப்பறைக்குள் கொண்டுவரும் எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. தென்னாப்பிரிக்காவில் 1928இல் பிறந்த சீமோர் பேப்பர்ட் என்னும் கணித அறிஞர், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயுடன் ஜெனீவாவில் பணியாற்றியவர். பின்னர் அமெரிக்கா சென்ற அவரும் அவருடைய நண்பர்களும் 1967இல் குழந்தைகளுக்கென்றே ‘லோகோ’ என்னும் கணினி மொழியை உருவாக்கினர். அதன் கட்டளைகளைக் கேட்டுத் தரையில் ஊர்ந்து கோடு வரையும் சிறு எந்திரத்துக்கு ‘ஆமை’ என்று பெயர். “நூறு முன்னே செல், தொண்ணூறு பாகை வலப்புறம் திரும்பு” என்பதை நான்கு முறை சொன்னால் ஆமை ஒரு சதுரத்தை வரைந்துவிடும்.

சதுரம் வரைந்த பிள்ளை அடுத்து முக்கோணம் வரைய முயல்வான். சமபக்க முக்கோணத்தின் கோணம் அறுபது பாகை என்று பாடநூலில் படித்திருக்கிறான் அல்லவா? எனவே, அறுபது என்று கட்டளையிடுவான். உருவம் மூடாது, பாதி அறுகோணமாய் வாய்பிளந்து நிற்கும். ஆமையைப் போலத் தானே எழுந்து நடந்து பார்க்கும்போதுதான், திரும்ப வேண்டிய அளவு நூற்றிருபது என்பது அவனுக்கு விளங்கும். அகக்கோணமும் புறக்கோணமும் அன்று முதல் அவனுக்கு மறப்பதில்லை. இங்கே பிழை தண்டனைக்குரியதாக இல்லை. அடுத்த அடிக்கு வழிகாட்டியாக நிற்கிறது.

பேப்பர்ட் தம் கருத்துகளை 1980இல் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்னும் நூலாக வெளியிட்டார். லெகோ நிறுவனம் 1998இல் வெளியிட்ட எந்திரன் பொருட்தொகுதிக்கு அந்நூலின் பெயரே சூட்டப்பட்டது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ‘ஆர்டுவினோ’ என்னும் எளிய மின்னணுப் பலகை பிறந்தது. நம் நாட்டிலும் 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்காகப் பள்ளிகளில் ஆய்வுக்கூடங்கள் அமைக்க, பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய் வரை வழங்கியுள்ளது.

இனி என் கடனுக்கு வருகிறேன்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றுக்கும் அத்தகைய எந்திரன் பெட்டிகள் சில வந்தன. வந்த நாளிலேயே அவை பீரோவுக்குள் சென்றன. ஒரு திருகாணி தொலைந்தாலும் இருப்புப் பதிவேட்டுக்கு யார் விடை சொல்வது என்னும் அச்சமே காரணம். ஆய்வுக்கு அலுவலர் வரும்போது துடைத்து வைப்போம். அவர் சென்றதும் பூட்டிவிடுவோம். நானும் அந்த அச்சத்தில் பங்குகொண்டவனே.

ஒரு கோடை விடுமுறையில், புதிதாக வந்த அறிவியல் ஆசிரியை தாமே பொறுப்பேற்று அப்பெட்டிகளைத் திறந்தார். துணைக்கு இருக்குமாறு என்னை வேண்டினார். வந்த பிள்ளைகளுள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். ரகர றகர வேறுபாடு அறியாதவன் என்று நான் பன்முறை வகுப்பில் எழுந்து நிற்கவைத்த பிள்ளை அவன்.

சுவரைக் கண்டு தானே நிற்கும் சிறு வண்டி ஒன்றை அவன் செய்தான். வண்டியின் முன்புறக் கருவி நம் செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பும். அது சுவரில் பட்டு மீளும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடும். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். இருபது சென்டிமீட்டரில் நிற்குமாறு அவன் கட்டளையிட்டான். வண்டி பத்தில் நின்றது. முப்பது என்றான், பதினைந்தில் நின்றது. நாற்பது என்றான், இருபதில் நின்றது. அளவுநாடாவுடன் தரையில் நெடுநேரம் அமர்ந்திருந்தவன் திடீரென்று எழுந்து, “ஐயா, ஒலி போய்த் திரும்பியும் வருகிறது. இருவழித் தூரத்தை ஒருவழியாக எண்ணிவிட்டேன்” என்றான். இரண்டால் வகுத்தான். வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

அன்று அவன் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். செய்தது, நடந்தது, மாற்றியது எனத் தேதியிட்டு நான்கு பக்கங்கள் எழுதியிருந்தான். “ஒலி திரும்பி வறுகிறது” என்று எழுதியிருந்தான். பழக்கத்தால் கை சிவப்பு மையை நாடியது. ஆனால், நான்கு பக்கங்களிலும் கருத்து ஓரிடத்திலும் தடுமாறவில்லை. காரணமும் விளைவும் கோவையாக நின்றன. கட்டுரை வகுப்பில் மூன்றாண்டுகளாக நான் கேட்டுப் பெறாத உரைநடை அது. பிழைகளை மட்டுமே எண்ணி, பிள்ளையைப் படிக்கத் தவறிவிட்டேன் என்பதை உணர்ந்தேன். அவனிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும்; சொல்லவில்லை. இன்று அவன் தன் ஊரில் பாசன மோட்டார்களைப் பழுதுநீக்கி நன்றாக வாழ்கிறான். அவன் பெரும் பொறியாளன் ஆகவில்லையே என்று எவரும் வருந்த வேண்டா. காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் அறிவு எத்தொழிலுக்கும் அணிகலனே.

பெற்றோர்களே! விலையுயர்ந்த பெட்டியை வாங்கி, ஆண்டு விழாவில் ஆடவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது கல்வியாகாது. ஆசிரியரே பூட்டிமுடித்த எந்திரனைப் பிள்ளை பொத்தானை அழுத்தி ஓட்டுவதும் கல்வியாகாது. பையன்கள் திருப்புளியைப் பிடிக்க, பெண்பிள்ளைகள் அட்டையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பதைப் பல கண்காட்சிகளில் கண்டிருக்கிறேன். அது அநீதி.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். 20 இலட்சம் வேண்டா. ஓர் அறை, சில மின்னணுப் பலகைகள், பழைய விளையாட்டுப் பொம்மைகளிலிருந்து கழற்றிய மோட்டார்கள், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், இவை போதும். மூன்று விதிகளை மட்டும் வைத்துக்கொள்வோம். பெட்டிக்குப் பூட்டு இல்லை. தொலையும் திருகாணிக்கு நாமே பொறுப்பு. ஒவ்வொரு குழுவிலும் பெண்பிள்ளையின் கையிலும் கருவி இருக்கவேண்டும். வீடு திரும்புமுன் ஒவ்வொருவரும் தாம் செய்ததைத் தமிழில் ஒரு பக்கம் எழுதவேண்டும்.

அந்தப் பக்கங்களைப் படிக்கும் பணியை எனக்குத் தாருங்கள். எழுத்துப்பிழைகளைத் திருத்துவேன்; தமிழாசிரியனால் அதை விடமுடியாது. ஆனால், முதலில் முழுவதையும் படித்துவிட்டுப் பிறகே பேனாவை எடுப்பேன்.