எஞ்சின் மூணு தடவை சொல்லிச்சு

இந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றுத் தொகுக்கப்பட்டது.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "வீட்ல நீங்களே கட்டின விமானம். அதுல மொபெட்ல வர்ற மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். மேல போனப்புறம் அது நின்னா என்ன பண்ணுவீங்க?"

நியாயமான கேள்வி. எனக்கு ஒரு தடவை நின்னுச்சு. இன்னைக்கு அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். ஆனா எப்படி இறங்கினேன்ங்கறது அதுல சின்னப் பகுதிதான். ஏன் நின்னுச்சுங்கறதுதான் பெரிய பகுதி. அதுல தப்பு முழுக்க என்னோடது.

முதல்ல பின்னணி. நான் இருக்கறது அமெரிக்காவுல, ஓஹையோ மாநிலத்துல. சுத்தி மக்காச்சோளம், சோயா, கோதுமை வயல். நடுவுல ஒரு புல்தரை ஓடுபாதை. இந்த நாட்டுல நீங்களே விமானம் கட்டி, பதிவு பண்ணி, ஓட்டலாம். அதுக்குச் சட்டத்துல தனிப் பிரிவே இருக்கு. ஒரு நிபந்தனை, வேலையில பெரும்பகுதியை விருப்பத்துக்காகக் கட்டறவங்களே செஞ்சிருக்கணும். பேச்சு வழக்குல இதை 51 சதவீத விதின்னு சொல்வாங்க. நான் ரெண்டு சீட் கிட் ஒண்ணு வாங்கி, கார் ஷெட்ல வச்சு மூணரை வருஷம் கட்டினேன். அலுமினியக் குழாய், துணி இறக்கை, கம்பி. பாக்கறதுக்குப் பெரிய பட்டத்துக்கு நாற்காலி மாட்டின மாதிரி இருக்கும்.

கட்டி முடிச்சதும் அரசு சார்பா ஒருத்தர் வந்து பாத்து சர்டிபிகேட் குடுப்பார். அதுக்கப்புறம் முதல் 40 மணி நேரம், குறிச்சுக் குடுத்த இடத்துக்குள்ளதான் பறந்து சோதிக்கணும். பயணி கூடாது. அது முடிஞ்சா, கட்டினவருக்கு ரிப்பேர்மேன் சர்டிபிகேட்னு ஒண்ணு வாங்கிக்கலாம். வருஷா வருஷம் நடக்கற பரிசோதனையை அந்த விமானத்துக்கு அவரே செஞ்சு, அவரே கையெழுத்துப் போடலாம்.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மாணவனும் நான், பரீட்சை வைக்கறவனும் நான், பேப்பர் திருத்தறவனும் நானே. அது எவ்வளவு ஆபத்தான சலுகைன்னு அப்ப எனக்குப் புரியல.

டூ ஸ்ட்ரோக்னா என்ன?

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது டிவிஎஸ் 50 ஓட்டியிருந்தா, பெட்ரோல் பங்க்ல "2டி ஆயில் போடுங்க"ன்னு கேட்டது ஞாபகம் இருக்கும். ஓட்டும்போது நீலப்புகை வரும். அந்த வாசனை பிடிச்சவங்க இன்னும் இருக்காங்க.

அந்த ஆயில் எதுக்கு? இப்ப ஓடற பைக்குகள்ல எஞ்சினுக்கு அடியில ஆயில் தேங்கி இருக்கும், பம்ப் அதைச் சுத்தவிடும். சாதாரண டூ ஸ்ட்ரோக்ல அப்படித் தேங்கி நிக்கற ஆயிலே கிடையாது. பெட்ரோலும் காத்தும் கிராங்க் இருக்கற அறை வழியாத்தான் சிலிண்டருக்குப் போகும். போற வழியில, அதுல கலந்திருக்கற ஆயில் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வழுவழுப்புக் குடுத்துட்டு, கடைசியில எரிஞ்சு வெளிய போயிடும். என் எஞ்சினுக்கு 50க்கு 1. அதாவது 20 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லி ஆயில்.

ஏன் விமானத்துக்கு இதைப் போடறாங்க? எடைதான் காரணம். வால்வு இல்ல, கேம் ஷாஃப்ட் இல்ல. ரோட்டாக்ஸ் 503னு ஒரு எஞ்சின், இந்த வகை விமானங்கள்ல ரொம்பப் பரவலா இருக்கறது. ரெண்டு சிலிண்டர், கிட்டத்தட்ட 500 சிசி, காத்துலயே குளிரும், ஏறக்குறைய 50 குதிரைத்திறன். அது 6,500 சுத்து சுத்தும்போது நடுவுல இருக்கற கியர்பாக்ஸ் அதைக் குறைச்சு, ப்ரொப்பெல்லருக்கு ஏறக்குறைய 2,500 குடுக்கும். ஒரு சிலிண்டருக்கு ரெண்டு ஸ்பார்க் பிளக். ஒரு இக்னிஷன் போனாலும் இன்னொண்ணு ஓட்டும்.

இந்த வகை எஞ்சின்களோட கையேட்டுல ஒரு எச்சரிக்கை இருக்கும். எஞ்சின் எந்த நேரமும் திடீர்னு நிக்கலாம், பத்திரமா இறங்க முடியாத இடத்துக்கு மேல பறக்காதீங்கன்னு செய்யறவங்களே எழுதியிருப்பாங்க. நிறைய பேர் இது வக்கீலுக்காக எழுதினதுன்னு நினைப்பாங்க. இல்ல, பைலட்டுக்காக எழுதினது.

ஒரு முக்கியமான விஷயம். டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோல் எரிபொருள் மட்டுமில்ல, அது பிஸ்டனைக் குளிர்விக்கவும் செய்யும். பெட்ரோல் குறைஞ்சு காத்து அதிகமானா, அதை 'லீன்'னு சொல்வோம், ரெண்டு பக்கமும் அடி. சூடு ஏறும், அந்த நேரத்துல ஆயிலும் குறையும். பிஸ்டன் விரிஞ்சு சிலிண்டர் சுவத்தை உரசும். ஒரு கட்டத்துல பிடிச்சுக்கும். அதைத்தான் எஞ்சின் 'சீஸ்' ஆச்சுன்னு மெக்கானிக் சொல்வார்.

இது நடக்குதான்னு பைலட்டுக்குத் தெரியறதுக்கு ஒரு மீட்டர் இருக்கு, ஈஜிடி. சைலன்சருக்குப் போற சூட்டுக் காத்தோட வெப்பம். சிலிண்டருக்கு ஒரு முள். 503 மாதிரி எஞ்சினுக்கு 460லேருந்து 580 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சகஜம். 650 தாண்டக் கூடாது.

மூணு தடவை சொன்னது

ஒரு ஜூலை மாசம். மே மாசம்தான் வருஷப் பரிசோதனை முடிச்சு, "பத்திரமாக இயக்கக்கூடிய நிலையில் உள்ளது"ன்னு லாக் புக்ல கையெழுத்துப் போட்டிருந்தேன்.

என் விமானத்துல 5,500 சுத்துல பறக்கும்போது ரெண்டு சிலிண்டரும் 560 பக்கம் காட்டும். பல மாசமா அப்படித்தான். ஜூலை முதல் வாரம் பறந்தப்ப பின் சிலிண்டர் 575. அடுத்த வாரம் 590. அதுக்கடுத்த தடவை 605. முன் சிலிண்டர் மட்டும் அதே 560.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? வெயில் காலம். மீட்டர் பழசு. சென்சார் போயிருக்கும், ஆர்டர் பண்ணணும். 650க்கு இன்னும் தூரம் இருக்கே!

வெயில் காலம்ங்கறதே தப்பான காரணம். சூட்டுக் காத்து லேசானது, அதனால கலவையில பெட்ரோல் பங்கு கூடும், ஈஜிடி இறங்கத்தான் செய்யணும். இது எனக்குத் தெரியும். ஆனா பறக்கணும்ங்கற ஆசையில இருக்கறப்ப, தெரிஞ்ச விஷயம் கூட மூளையில ஓரமாப் போய் உக்காந்துக்கும்.

ஆசைக்கு ஒரு காரணம் இருந்துச்சு. அடுத்த சனிக்கிழமை என் பொண்ணை முதல் தடவையா கூட்டிட்டுப் போறதா வாக்குக் குடுத்திருந்தேன். அப்ப அவளுக்கு 14 வயசு. அந்த சீட்டுக்கு முன்னாடி, சட்டப்படி ஒட்ட வேண்டிய ஒரு வாசகம் இருக்கு. இது விருப்பத்துக்காகக் கட்டப்பட்ட விமானம், வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதில்லைன்னு. அதை அவ சத்தமா வாசிச்சுட்டு, "அப்பா, நீங்க நல்லாதானே கட்டினீங்க?"ன்னு கேட்டா. நான் சிரிச்சேன்.

புதன்கிழமை சாயந்திரம் தனியா ஒரு ரவுண்டு போனேன். திரும்பி வர்றப்ப த்ராட்டிலைப் பாதிக்குக் கொண்டுவந்து மெதுவா நீளமா இறங்கினேன். வெளிய இருந்து பாத்தா எஞ்சினுக்கு ஓய்வு குடுக்கற மாதிரி தெரியும். உண்மையில இந்த எஞ்சினுக்கு ரொம்பச் சங்கடமான நேரம் அதுதான். முழு த்ராட்டில்ல கார்புரேட்டரோட மெயின் ஜெட் தாராளமா பெட்ரோல் குடுக்கும். பாதி த்ராட்டில்ல அளவைத் தீர்மானிக்கறது நடுவுல இருக்கற ஊசி. இறங்கும்போது ப்ரொப்பெல்லருக்குச் சுமை குறையறதால, அந்தக் கலவை இன்னும் லீன் பக்கம் போகும். நல்ல எஞ்சினே கவனமாப் பாக்க வேண்டிய இடம். என்னோடது ஏற்கனவே நோயாளி.

முள் 640 தொட்டதைப் பாத்தேன். கை த்ராட்டிலுக்குப் போறதுக்குள்ள சத்தம் அடர்த்தியாச்சு, யாரோ பின்னாடி பிரேக் பிடிக்கற மாதிரி. அப்புறம் ஒண்ணுமில்ல. காத்துச் சத்தம் மட்டும். ப்ரொப்பெல்லர் நேரா நின்னுடுச்சு.

உயரம் தரையிலேருந்து 800 அடி. இந்த மாதிரி விமானத்துல எடை கம்மி, காத்துத்தடை அதிகம். எஞ்சின் நின்ன உடனே வேகம் செத்துடும். முதல் வேலை மூக்கைக் கீழே தள்றது. ரேடியோ, யோசனை எல்லாம் அப்புறம். நான் முன்னாடியே சோதிச்சு வச்சிருந்தேன், 1,000 அடி இறங்கறதுக்குள்ள ஏறக்குறைய 5,000 அடி முன்னாடி போகும். 800 அடின்னா 4,000 அடி. ஓடுபாதை அதுக்கு மேல தூரம். இடது பக்கம் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம், அதுல இறங்கினா சக்கரம் மாட்டிக் குப்புற விழும். வலது பக்கம் கோதுமை அறுத்து வெறும் தாளா இருந்த வயல். அந்த வழியா வந்ததுக்குக் காரணமே அந்த வயல்தான். அந்த எச்சரிக்கையை மட்டும் நான் ஒழுங்கா மதிச்சிருந்தேன்.

ஒரு நிமிஷம் சொச்சம். காத்துக்கு எதிரா திரும்பி, மின்கம்பி இல்லைன்னு பாத்து, இறங்கினேன். குலுங்கிக் குலுங்கி நின்னுச்சு. எனக்கும் விமானத்துக்கும் ஒரு கீறல் இல்ல. இறங்கி நின்னப்பதான் முழங்கால் ஆடுச்சு.

ரப்பரை வளைச்சுப் பாத்தியா?

விமானத்தை டிரெய்லர்ல ஏத்தி ஹேங்கருக்குக் கொண்டுவந்தோம். அங்க ஒரு வயசான மனுஷர், நாப்பது வருஷமா இந்த எஞ்சின்களோடயே வாழறவர். சைலன்சரைக் கழட்டி, போர்ட் வழியா டார்ச் அடிச்சுப் பாத்தார். பின் பிஸ்டன்ல சைலன்சர் பக்கம் பூரா நீளமான கீறல். முன் பிஸ்டன் சுத்தமா இருந்துச்சு.

என்கிட்ட ரெண்டே கேள்வி கேட்டார். முதல் கேள்வி, "முள் ஏற ஆரம்பிச்சதும் ரெண்டு சென்சாரையும் முன்ன பின்ன மாத்திப் போட்டுப் பாத்தியா?" மாத்திப் போட்டா, அதிக நம்பர் சென்சாரோட கூடவே போச்சுன்னா சென்சார் கோளாறு. அதே சிலிண்டர்ல நின்னுச்சுன்னா எஞ்சின் கோளாறு. பத்து நிமிஷ வேலை. நான் செய்யல.

ரெண்டாவது, "இந்த ரப்பரை வளைச்சுப் பாத்தியா?" கார்புரேட்டரை எஞ்சினோட இணைக்கற ரப்பர் சாக்கெட். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒண்ணு. அவர் பின் கார்புரேட்டரைப் பிடிச்சு லேசா கீழ அழுத்தினார். ரப்பர்ல ஒரு வெடிப்பு வாய் மாதிரி திறந்துச்சு. கையை எடுத்ததும் மூடிக்குச்சு. அந்த வழியா எஞ்சின் காத்தை உறிஞ்சியிருக்கு. வெடிப்பு பெருசாக ஆக, நம்பர் ஏறியிருக்கு. 575, 590, 605.

மே மாசத்து லிஸ்ட்ல "கார்புரேட்டர் சாக்கெட்"னு ஒரு வரி இருந்துச்சு. எதிர்ல என் கையால போட்ட டிக். மேலோட்டமாப் பாத்தேன், நல்லா இருந்துச்சு, டிக் போட்டேன். வளைக்கல.

அன்னைக்கு ராத்திரி அந்த லிஸ்டை மடியில வச்சுட்டு உக்காந்திருந்தேன். பொண்ணு கேட்ட கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு. நல்லாதான் கட்டினேன். ஆனா நல்லாப் பாத்துக்கிட்டேனா?

இப்ப என்ன பண்றேன்

லிஸ்ட்ல 'பார்'னு இருந்த இடத்துல எல்லாம் செயலை எழுதினேன். சாக்கெட்டை வளை. பெட்ரோல் குழாயை அழுத்து, விறைச்சிருந்தா மாத்து. கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தைக் கழட்டித் தண்ணி இருக்கான்னு பார், ஏன்னா எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பிஸ்டன் வளையம் கரியில ஒட்டியிருக்கான்னு சைலன்சரைக் கழட்டி, போர்ட் வழியா குச்சியால அழுத்திப் பார். கழட்டுன நட்டு, வளைச்ச ரப்பர்னு கையில அழுக்கு ஆகாம எந்த டிக்கும் கிடையாது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் ஒரு தடவை பாக்கணும். சட்டம் கேக்கல, நான் கேக்கறேன்.

அப்புறம் ஒரு நோட்டு. ஒவ்வொரு தடவையும் அதே 5,500 சுத்துல ரெண்டு ஈஜிடி, ரெண்டு சிலிண்டர் ஹெட் வெப்பம், வெளிக் காத்து வெப்பம். அஞ்சு நம்பர். விதி ஒண்ணுதான்: நான் எதையும் மாத்தாதப்ப ஒரு நம்பர் மாறினா, காரணம் தெரியற வரைக்கும் பறக்கறதில்ல. எல்லைக்குள்ள இருக்கேன்னு சமாதானம் சொல்லக் கூடாது.

என் பொண்ணு? அவளுக்கு நடந்ததை அப்படியே சொன்னேன். மறைக்கல. கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம், நோட்டு நான் எழுதறேன்னு வாங்கிக்கிட்டா.

அக்டோபர்ல ஒரு குளிர் காலைல நான் தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வந்து நம்பரைப் படிச்சேன். அவ பழைய பக்கத்தைத் திருப்பிப் பாத்துட்டு, "அப்பா, ரெண்டுமே 12 டிகிரி ஏறியிருக்கு"ன்னா. ரெண்டு சிலிண்டரும் ஒண்ணா ஏறினா வெடிப்பா இருக்க வாய்ப்பு கம்மி. வெளிக் காத்தைப் பாத்தோம், போன தடவையை விட 15 டிகிரி குளிர். குளிர்ந்த காத்து அடர்த்தியானது, கலவையை லீன் ஆக்கும். இருந்தாலும் ரப்பரை வளைச்சுப் பாத்தோம். அவதான் வளைச்சா. அப்புறம் ரெண்டு கார்புரேட்டர்லயும் ஊசியை ஒரு பள்ளம் மேல தூக்கி வச்சோம், பாதி த்ராட்டில்ல பெட்ரோல் கொஞ்சம் கூடும். நான் மறுபடி தனியாப் போய் வந்தேன். நம்பர் பழைய இடத்துக்கு வந்திருந்துச்சு.

அதை அவ எழுதி முடிச்சுட்டு, ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கிட்டா. அன்னைக்குத்தான் முதல் தடவை ரெண்டு பேரும் போனோம். இருபது நிமிஷம். அறுத்த வயல் எல்லாம் எங்க இருக்குன்னு அவளே கை காட்டிட்டு வந்தா.

அடுத்த எபிசோடுல துணி இறக்கையைப் பத்திப் பேசலாம். வெயில் அதை எப்படித் தின்னுதுன்னு. கேள்வி இருந்தா அனுப்புங்க. பாத்துப் போங்க. வணக்கம்.